வீல்சேரோடு ஒரு ஞாயிறு: விழுப்புரம், திண்டிவனம், மயிலம்

சென்னையில் என் அலுவலகத்தில் யாரிடம் விழுப்புரம் என்று சொன்னாலும், "தெரியுமே, பஸ் நிறுத்துவாங்களே, டீ கூட கொள்ளை விலை" என்பார்கள். திண்டிவனம் என்றால் அவர்களுக்கு ஒரு மேம்பாலம், அவ்வளவுதான். பிறந்து வளர்ந்த மாவட்டத்தை இப்படிக் கழிப்பறை நிறுத்தமாக மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. அந்தச் சண்டையில் என் பங்குக்கு இந்தப் பதிவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி முடிந்த வாரம் நான் ஊருக்குப் போனது பலகாரம் தின்ன இல்லை, ஒரு வீல்சேரைக் கொண்டுபோய்ச் சேர்க்க. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் அதில்தான் இருந்தார். இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வந்து, தெருவில் போகிற எல்லாரையும் குறை சொல்கிறார். நன்றாகத் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

அந்த வீல்சேர் நாங்கள் வாங்கியதல்ல. திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயந்தியக்காவும் அவருக்குத் தெரிந்த சிலரும் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு அது. மொத்தம் ஆறு வீல்சேர். ஆபீஸ் கிடையாது, குடோன் கிடையாது, பெயர்கூட கிடையாது. பெயர் வைத்தால் போர்டு வேண்டும், போர்டு வைத்தால் தலைவர் வேண்டும், அந்த வம்பே வேண்டாம் என்பார் அக்கா. ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் அந்த வீட்டு ஆளே அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பவும் முடியாது. கட்டிலில் இருப்பவரை எப்படி நாற்காலிக்கு மாற்றுவது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குச் செய்து காட்டி, அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எந்தத் தெரு, என்ன ஆளு, யாருக்கு ஓட்டு என்று கேட்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. விதி இவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஊர்த்தெரு ஆள் காலனி வீட்டுக்குள் போய், கட்டிலில் கிடப்பவரின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அங்கிருந்து இங்கேயும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் விக்கிரவாண்டிப் பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. முன்பின் தெரியாத என் அப்பாவை அவர்தான் முதலில் தூக்கி உட்கார வைத்தார். கோயில் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் எழுதுகிற நாட்டில், எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒன்று பேரில்லாமல் ஓடுகிறது. அதை நினைத்தால் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இந்தத் தடவை அதுதான் நின்றுபோக இருந்தது.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று புதிதாகப் பத்து வீல்சேர் தருவதாகச் சொன்னது. நிபந்தனை, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கம்பெனிக் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும், மாதம் ஒருமுறை பயனாளியோடு படம் அனுப்ப வேண்டும். மாதிரிக்கு ஒரு படம் கேட்டார்கள். பத்து வீடுகள் காத்துக்கொண்டிருக்கும்போது அக்கா என்ன செய்வார்? எங்கள் வீட்டுக்கு வந்து, முகம் தெரியக் கூடாதே என்று அப்பாவைப் பின்னாலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தார். அங்கேதான் வந்தது வினை. பின்னாலிருந்து எடுத்ததால் படம் முழுக்கக் கைப்பிடிதான் தெரிந்தது. கைப்பிடியின் ரப்பர் கிழிந்து கையைக் கிழிக்கிறது என்று அம்மாவின் பழைய புடவையிலிருந்து துணி கிழித்து அப்பா அதில் சுற்றியிருந்தார். அந்தப் புடவையில் இரண்டு நிறம். என்னென்ன நிறம் என்று எழுத மாட்டேன், எழுதினால் கமென்ட்டில் வெட்டு குத்து நடக்கும். எங்கள் மாவட்டத்தில் நிறத்துக்குக் கட்சி உண்டு, கட்சிக்குத் தெரு உண்டு. இது மட்டும் தெரிந்தால் போதும்.

அனுப்பலாமா என்று கேட்டு அக்கா தன் ஆட்களின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டார். யாரோ வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டே நாளில் அந்த நிறத்துக் கட்சிக்காரர்கள் "எளியோருக்கு எங்கள் சேவை" என்று பெருமையாகப் பகிர, எதிர்க்கட்சிக்காரர்கள் "பொதுமக்கள் நன்கொடையில் கட்சி விளம்பரம்" என்று திட்டிப் பகிர்ந்தார்கள். கம்பெனி நைசாகக் கழன்றுகொண்டது. வரிசையில் இருந்த வீடுகளில் பாதி, வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மீதி வீடுகளில் அடுத்ததாக இருந்தது மயிலம் பக்கத்தில் இருக்கும் ராஜவேலு என்கிற கொத்தனாரின் வீடு. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் பயிற்சி செய்தால் வாக்கர் பிடித்து நடக்கலாம், விட்டால் கால் விறைத்துப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இத்தனை நாளும் அவரை முதுகில் சுமந்து ஆட்டோவில் ஏற்றியது மனைவியின் தம்பி முருகன். முருகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்குள் வீல்சேர் போகாவிட்டால் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு அவரைத் தூக்க ஆள் இல்லை.

சனிக்கிழமை தாம்பரத்தில் காலை ஒன்பதே முக்கால் ரயில், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். செங்கல்பட்டு தாண்டியதும் உட்கார இடம் கிடைக்கும். ஒரு மணிக்குமேல் விழுப்புரம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். சாப்பிட்டு முடித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "அந்தத் துணிய அவுத்துடலாம்ப்பா."

அப்பா முறைத்தார். "நான் எதுக்கு அவுக்கணும்? வாட்சப்புல நாலு பொறுக்கி எழுதுனா பயந்துக்கினு அவுக்கணுமா?"

அம்மா கத்தரிக்கோலோடு வந்தார். "பொடவை என்னுது. நான் எந்தக் கட்சியிலயும் இல்ல. தள்ளுங்க." இரண்டு நிமிடத்தில் துணி குப்பையில் கிடந்தது.

ஞாயிறு காலை ஏழு இருபதுக்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் திண்டிவனம் பஸ். சுமார் முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மடக்கிய வீல்சேரைக் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் சாய்த்தேன். கண்டக்டர் வந்தார்.

"ஏம்மா, வண்டி இருக்குது, ஆளக் காணோம்?"

"ஆளு மயிலத்துல இருக்காருங்க. வண்டி மட்டும் போவுது."

"அப்ப வண்டிக்கும் ஒரு டிக்கெட்." ஆளுக்கு முப்பத்தைந்து, வண்டிக்கு முப்பத்தைந்து. சில்லறை கொடுத்தவர் கைப்பிடியை ஒரு பார்வை பார்த்தார். "வாட்சப்புல வந்துதே, அந்த வீல்சேர் கும்பலா நீங்க?"

கும்பல் என்ற வார்த்தை சுருக்கென்று குத்தியது. திருப்பித் திட்டியிருப்பேன், ஆனால் முன் சீட்டிலிருந்த இரண்டு பேர் அதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி, கரும்பு, சவுக்கு, மறுபடி கரும்பு. நான் இவ்வளவு ரோஷக்காரி, ஒரு வீல்சேரோடு பஸ்ஸில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஒரு தகவல்: மயிலத்துக்கு மட்டும் போகிறவர்கள் திண்டிவனம் வரை வர வேண்டாம். வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கினால் மயிலம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டியிருந்தது, பிரேக்கும் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஜெயந்தியக்கா கடையைப் பாதி ஷட்டர் தூக்கி வைத்திருந்தார். எப்போதும் நாலு பேர் பேச்சைத் தனியாகப் பேசுகிறவர் அன்றைக்கு அமைதியாக இருந்தார். "இன்னா செல்வி, சாப்ட்டியா?" என்பதோடு சரி. பிறகு அவராகவே சொன்னார். "ஒரே பேஜாராப் போச்சிடி. எத்தினி வருசம் ஒரு போட்டோ எடுக்கல. ஒண்ணே ஒண்ணு எடுத்தன். ராஜவேலு வீட்லயும் வாணாம்னுட்டா இத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கன். ஆறு வண்டியயும் ஏதாவது ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடலாம்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பேச்சை மாற்ற, "கையக் கிழிக்குதுக்கா, கிரிப்பு போடணும்" என்றேன். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் பிரேக்கை முறுக்கிக் கொடுத்துவிட்டு கிரிப்புப் பெட்டியைத் திறந்தார். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு, வெள்ளை. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து அக்கா, "இது அவங்களுது... இது இவங்களுது" என்று திருப்பி வைத்தார். வெள்ளைகூட வேண்டாம் என்றார்.

"ஏம்மா, கலரே இல்லாத கிரிப்புக்கு நான் எங்க போவேன்?" என்று கடைக்காரர் நொந்துகொண்டார்.

"லெஃப்ட்டுக்கு ஒண்ணு, ரைட்டுக்கு ஒண்ணு வேற வேற கலர்ல மாட்டிடலாமா?" என்றேன்.

"கூட்டணின்னுவாங்க" என்றார் கடைக்காரர் சட்டென்று. அக்கா அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்து மளிகைக் கடையில் மூட்டை தைக்கிற சணல் கயிறு வாங்கி, இரண்டு கைப்பிடியிலும் நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். சணல் நிறத்தில் இதுவரை எந்தக் கட்சியும் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

அக்கா என்னோடு வரவில்லை. "நான் வந்தா ஆபீஸர் வந்தாப்புல ஆயிடும். கடைசி வீட்டு ஆளு தான் போவணும், நீ போ" என்றார். திண்டிவனத்திலிருந்து மயிலம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வண்டிக்குத்தான் லக்கேஜ். மயிலத்தில் மலைக்கோயில் கோபுரத்துக்கு இறங்கிய இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டர், நூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஊர் எல்லையில் வரிசையாகக் கொடிக்கம்பங்கள். ஒவ்வொன்றுக்கும் சிமென்ட் மேடை, பளிச்சென்று பெயின்ட்.

வாசலில் முருகன் நின்றிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், கட்சிக் கரை போட்ட வேட்டி. அந்தப் புடவை நிறங்களுக்கு நேர் எதிர்க் கட்சி. ஆட்டோவிலிருந்து நான் இறங்குவதற்குள் போனை நீட்டினார். படத்தில் என் அப்பாவின் பின்தலை.

"இந்த வண்டிதானே இது?"

"இதேதான் தம்பி. அது எங்கம்மா பொடவை. அவுத்துட்டோம்."

"நீங்க அவுத்துட்டீங்க. படம் எல்லா போன்லயும் இருக்குதே. நான் கிளைச் செயலாளர் மேடம். என் அக்கா வீட்டு வாசல்ல இது நின்னா நாளைக்கி ஊர்ல என்னா கேப்பாங்க? எடுத்துக்கினு போயிடுங்க. கோச்சுக்காதீங்க."

மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ராஜவேலுவின் மனைவி அஞ்சலை உள்ளே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ நாளைக்கிப் பூடுவ. செவ்வாக்கிழம யாருடா தூக்குறது?" என்று மட்டும் கேட்டார். முருகன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் அதுவும் ஒரு படமாகச் சுற்றும் என்ற பயம்.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "முருகா, இங்க வா." ராஜவேலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிட வேலைக்காரரின் பெரிய கைகள், போர்வைக்குள் இளைத்த கால்கள்.

"வர்ற வழியில கொடிக்கம்பம் பாத்தியாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"பாத்தேங்க."

"அஞ்சு மேடையும் நான் கட்டுனதுதான். உன் கட்சிக்கும் நாந்தான் கட்டுனன் முருகா, அவன் கட்சிக்கும் நாந்தான் கட்டுனன். ஒரே மணலு, ஒரே சிமென்ட்டு. அவனுக்கு ஏன் கட்டுனன்னு நீ ஒரு நாளு கேட்டியா? அவன் தான் கேட்டானா? கொடிக்கு மேடை கட்டறப்ப எல்லாருக்கும் பொதுவான ஆளா இருந்தன். நான் எழுந்து உக்கார்றதுக்கு மட்டும் கட்சி பாக்கணுமா?"

முருகன் தலையைக் குனிந்துகொண்டார். ராஜவேலு அஞ்சலையைப் பார்த்து, "கத்துக்கோ" என்றார்.

நான் வீல்சேரைக் கட்டிலுக்குச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டேன். போர்வையை நாலாக மடித்து அவர் இடுப்புக்கு அடியில் கொடுத்தேன். என் முழங்காலால் அவர் முழங்காலை அணைத்து, போர்வை முனையைப் பிடித்து மெல்லத் திருப்பினால் போதும், மொத்தமாகத் தூக்க வேண்டியதில்லை. மல்லாட்டை வியாபாரி எங்களுக்குக் காட்டிய முறை. ஒருமுறை நான் செய்து காட்டி மறுபடி கட்டிலுக்கு மாற்றினேன். அடுத்தது அஞ்சலை. பாதி திருப்பும்போது வழவழப்பான தரையில் நாற்காலி பின்னுக்கு நழுவியது. பிரேக் போட்ட சக்கரம் அப்படியே வழுக்கியது. அஞ்சலை "ஐயோ" என்றார். நான் மறு பக்கம் இருந்தேன்.

முருகன் பாய்ந்து வந்து கைப்பிடி இரண்டையும் பிடித்து நிறுத்தினார். ராஜவேலு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் மூச்சு வாங்கினோம். முருகன் பிடியை விடவில்லை. "சக்கரத்துக்கு அடியில சாக்கு போடணும்க்கா" என்றார் தன் அக்காவிடம். பிறகு என்னைப் பார்த்து, "மறுக்கா காட்டுங்க மேடம். நானும் பாக்குறன்" என்றார். மூன்று தடவை செய்தோம். மூன்றாவது தடவை அஞ்சலை தனியாகச் செய்தார்.

அதன்பிறகு முருகனே அவரைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனார், அந்த வேட்டியோடு, பட்டப்பகலில். விழுந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி தவிர எங்கும் போகாத மனிதர், கொடி மேடை வரை போய், பூச்சு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் போனைத் தூக்கினார்கள். முருகன் திரும்பிப் போட்ட சத்தத்தில் போன் தானாகப் பைக்குள் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது என் மாவட்டம், இவர்கள் என் ஜனங்கள் என்று டீ கொள்ளை விலை என்கிற என் அலுவலக ஆட்கள் எல்லாரையும் கூட்டிவந்து காட்ட வேண்டும்போல் இருந்தது.

இப்போதெல்லாம் உதவி செய்யப் போனால் முதலில் படம் கேட்கிறார்கள், பிறகு நீ எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலில் இருப்பவர் கால் விறைத்துவிடும். படம் கேட்ட கம்பெனியும் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் மேலே யாரோ கணக்குக் கேட்கிறார்கள். ஆனால் தூரத்தில் இருப்பவர் நம்புவதற்காக எடுத்த படம், பக்கத்துத் தெருக்காரரின் நம்பிக்கையைக் கெடுத்தது. அதைச் சரிசெய்ய ஒரு மறுப்புச் செய்தி பரப்பலாம் என்று நானும் யோசித்தேன். எழுதியும் வைத்தேன். ஜெயந்தியக்கா, "அதப் படிச்சிட்டு யாருடி எழுந்து நடக்கப் போறாங்க" என்று அழிக்கச் சொன்னார். வண்டி வீடு வீடாகப் போனால் போதும் என்பது அவர் கட்சி. இப்போது நானும் அந்தக் கட்சிதான்.

இனி போகிறவர்களுக்கு. சென்னை திரும்ப மயிலத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வந்தால் நெடுஞ்சாலையில் பஸ் கிடைக்கும், ஆனால் ஞாயிறு சாயங்காலம் உட்கார இடம் கிடைக்காது. நாலு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். அவித்த மல்லாட்டை விற்பார்கள், வாங்குங்கள். மயிலம் மலைக்கு வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். வீல்சேர், வாக்கர் எதுவும் பஸ்ஸில் கொண்டுபோனால் மடக்கிக் கட்டிவிடுங்கள், லக்கேஜ் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது பயன்பட்டு முடிந்த வீல்சேர் பரணில் கிடந்தால், விற்காதீர்கள். உங்கள் ஊரில் யாருக்கு வேண்டும் என்று விசாரித்து நீங்களே கொண்டுபோங்கள். பரிசுப் பொருள்போல வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். இந்தப் பதிவில் ஏன் ஒரு படம்கூட இல்லை என்று கேட்கிறவர்கள் முதலிலிருந்து மறுபடி படியுங்கள்.

போன வாரம் முருகனிடமிருந்து போன் வந்தது. ராஜவேலு வாக்கர் பிடித்துவிட்டார், லீவில் ஊருக்கு வந்து வீல்சேரை அடுத்த வீட்டில் சேர்த்தாகிவிட்டது என்றார். அடுத்த வீடு செஞ்சி ரோட்டில், ஒரு பெரியவருக்கு. அந்தத் தெரு முழுக்க முருகனுக்கு எதிர்க் கட்சி.

"அந்த வேட்டியோடவா போன?" என்றேன்.

"வேற வேட்டி ஏதுக்கா எங்கிட்ட? வாசல்லயே நிறுத்திட்டாங்க. வண்டிய வெச்சிட்டுப் போயிடுன்னாங்க. முடியாதுன்னுட்டன். ஒரு மணி நேரம் வெயில்லயே நின்னன். அப்பறம் அந்தப் பெரியவரே கூப்ட்டாருக்கா. உள்ள போயி, அவரு மவனுக்குக் காட்டிக் குடுத்து, அவரத் தூக்கி உக்கார வெச்சிட்டுத்தான் வந்தன்."